நெடுந்தீவுக் குருவியின் கொண்டை

ஒரு குருவியின் தலையில் நாலு இறகு இருக்கிறதா இல்லையா என்று பார்க்க நான் கடல் தாண்டிப் போனதைச் சொன்னால் வீட்டில் இன்னும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்த நாலு இறகை வைத்து ஒரு மனிதரைத் திருடர் என்று சொல்லியிருந்தார்கள். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

புதுக்கோட்டையில் நான் விலங்கியல் ஆசிரியை. சாதாரண மக்கள் கையில் வைத்துக்கொண்டு வயல்வெளியில் நடக்கும்படி தமிழில் ஒரு பறவைப் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தேன். அதற்குப் படம் வரைந்தவர் அமிர்தநாதன். நெடுந்தீவுக்காரர். சண்டைக் காலத்தில் படகேறி வந்து, திருச்சிக்குப் பக்கத்து அகதி முகாமில் இருந்தபடி கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்துவந்தார். ஒரு பலசரக்குக் கடைப் பலகையின் மூலையில் அவர் சும்மா போட்டிருந்த மைனாவைப் பார்த்துவிட்டுத்தான் நான் ஆளைத் தேடிப் போனேன். அந்த மைனா கத்தப்போகிறது என்று எனக்குத் தோன்றியது.

புத்தகத்துக்கு அவர் தன் தீவுப் பறவைகள் இரண்டை வரைந்து கொடுத்தார். ஒன்று வானம்பாடி. மண் நிறம், வழவழப்பான தலை, வானத்தில் நின்றபடி பாடுவது. இன்னொன்றும் அதே அளவு, அதே மண் நிறம். ஆனால் தலையில் ஒரு குட்டை விசிறி. தீவில் அதைக் கொண்டைக்குருவி என்பார்களாம். எங்கள் பக்கத்தில் அந்தப் பெயர் கறுத்த தலையும் வாலடியில் சிவப்பும் கொண்ட வேறொரு பறவைக்கு உரியது. இது அதில்லை.

பதிப்பகத்துக்கு ஆலோசனை சொல்லும் பறவை நிபுணர் ஒருவர் இருந்தார். படத்தைப் பார்த்தவுடனே மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். இப்படி ஒரு பறவை இலங்கையிலேயே கிடையாது, இந்தியாவில் இருக்கும் கொண்டை வானம்பாடியை ஏதோ வெளிநாட்டுப் புத்தகத்தில் பார்த்து வரைந்து தன் ஊர்ச் சரக்கு என்று தள்ளிவிடுகிறார் என்றார். ஒன்று இரவல் என்றால் மற்றதும் இரவலாகத்தான் இருக்கும், வேறு ஓவியரைப் பாருங்கள் என்று முடித்துவிட்டார்.

இதை நான் அமிர்தநாதனிடம் சுற்றி வளைத்துத்தான் சொன்னேன். அவருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது.

"நான் கண்டதைத்தான் கீறினனான், ரீச்சர்" என்றார். அன்றிலிருந்து புத்தகத்துக்காகத் தூரிகையைத் தொடவில்லை.

அவரால் போய்ப் பார்த்துவிட்டு வர முடியாது. முகாமை விட்டுக் கடல் தாண்டினால் திரும்பி வர வழியில்லை. எனக்கோ அந்தக் கோடை விடுமுறையில் யாழ்ப்பாணத்தில் அறிவியல் ஆசிரியர்களுக்கான பயிலரங்கு ஒன்றில் பேச அழைப்பு வந்திருந்தது. போர்நிறுத்தம் நடைமுறையில் இருந்த காலம், பாதைகள் திறந்திருந்தன. பயிலரங்கு முடிந்ததும் நெடுந்தீவுக்குப் போய் அந்தக் கொண்டையைக் கண்ணால் பார்க்காமல் திரும்புவதில்லை என்று முடிவு செய்தேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்ட பேருந்து அல்லைப்பிட்டி, மண்கும்பான் என்று மணலும் பனையுமாகக் கடந்து போனது. கூரையில்லாத வீடுகள் நிறைய. சுவரில் குண்டு துளைத்த ஓட்டைகளில் மைனாக்கள் குடியிருந்தன. முன்னிருக்கையில் இரண்டு பெண்கள் கனடாவிலிருந்து வந்திருந்த மருமகளைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். அவள் சமைக்கிற குசினிக்குள் செருப்போடு வருகிறாள் என்பது ஒருத்தியின் குறை. கனடாவில் தரை குளிரும், அவளைக் குற்றம் சொல்லேலாது என்று மற்றவள் சமாதானம் செய்தாள். இந்த வழக்கு முடியுமுன்பே குறிகட்டுவான் இறங்குதுறை வந்துவிட்டது.

அங்கேதான் முதல் கோளாறு. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் ஒரே துறையிலிருந்துதான் படகு. எது எது என்று யாரையும் கேட்காமல், கூட்டம் ஏறிய படகில் நானும் ஏறினேன். வெள்ளை உடுத்திய சிங்கள யாத்ரீகர்கள் ஒரு பாதி, பட்டும் அர்ச்சனைத் தட்டுமாகத் தமிழர்கள் மறு பாதி. பறவை பார்க்க இத்தனை பேரா என்று நான் யோசித்திருக்க வேண்டும், யோசிக்கவில்லை. படகு ஆடியபோது எனக்கு முகம் வெளிறியதைப் பார்த்து, பக்கத்திலிருந்த ஒரு சிங்களப் பெண் பையிலிருந்து எலுமிச்சம்பழம் ஒன்றை எடுத்து நகத்தால் கீறி என் மூக்கருகில் பிடித்தாள். கூடவே ஏதோ சொன்னாள். கடலைப் பார்க்காதே, கரையைப் பார் என்கிறாள் என்று படகுக்காரர் தமிழில் சொன்னார். கரையைப் பார்த்தேன். அங்கே நாகபூசணி அம்மன் கோபுரம் நின்றது. நான் போக வேண்டிய தீவில் அப்படி ஒரு கோபுரம் கிடையாது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

வந்தது வந்தாயிற்று என்று அம்மனைக் கும்பிட்டேன். அன்னதான மடத்தில் வாழையிலை போட்டுச் சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் கறியும் பாயசமும் போட்டார்கள். பரிமாறியவர், நான் படகு மாறி வந்த கதையைக் கேட்டுச் சிரிக்கவில்லை. அம்மாளாச்சி கூப்பிட்டிருக்கிறா, அதுதான் வந்தனீங்கள் என்று சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி சோறு போட்டார். நெடுந்தீவுப் படகு அன்றைக்கு இனி இல்லையென்று ஆனதால் யாத்ரீகர் மடத்திலேயே பாயை விரித்துப் படுத்தேன்.

மறுநாள் காலை குறிகட்டுவானுக்குத் திரும்பி, இந்த முறை மூன்று பேரைக் கேட்டுவிட்டுச் சரியான வரிசையில் நின்றேன். பையைச் சோதித்த சிப்பாய் என் தொலைநோக்கியை வெளியே எடுத்தார். மிக இளம் வயது. என்னிடம் படிக்கிற பையன்களைவிட இரண்டு வயது கூட இருக்கலாம். அதன் வழியாகக் கடற்காக்கை ஒன்றைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். பிறகு அதை மேசைக்குக் கீழே வைத்துவிட்டார். தீவுக்குள் இது போகக் கூடாது, திரும்பி வரும்போது தருவோம் என்று அவர் சிங்களத்தில் சொன்னதைத் துறையில் நின்ற ஒருவர் எனக்குச் சொன்னார். குருவி பார்க்க வந்தேன் என்று விளக்கினேன். குருவி என்றால் கண்ணாலேயே தெரியுமே என்று பதில் வந்தது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. தொலைநோக்கி இல்லாமல் ஒரு மண்நிறக் குருவியை மண்ணில் தேடுவது எப்படி? திரும்பிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அமிர்தநாதன் முகம் நினைவுக்கு வந்தது. படகில் ஏறினேன்.

சோளகக் காற்று தொடங்கிவிட்டிருந்தது. தென்மேற்கிலிருந்து இந்தக் காற்று கிளம்பினால் நெடுந்தீவுக்குப் போகிற வழி முழுக்க அலைதான். சிமெந்து மூட்டை, அரிசி, எரிவாயு, ஒரு ஆடு, நான் எல்லோரும் ஒன்றாக நனைந்தோம். அந்த ஆடு என்னைவிடத் தைரியமாக நின்றது.

முன்பே கடிதம் எழுதியிருந்ததால், துறையில் அமிர்தநாதனின் தங்கை ஸ்ரெல்லா சைக்கிளோடு காத்திருந்தார். என் வயதுதான் இருக்கும், நாற்பதைத் தாண்டியவர். கணவர் மீன்பிடிக்கப் போகிறவர். அந்தக் காற்றுக்காலத்தில் மன்னார்ப் பக்கம் போயிருந்தார். ஸ்ரெல்லா முதல்நாளும் வந்து காத்திருந்து திரும்பியிருக்கிறார். நயினாதீவுக்குப் போய்விட்டேன் என்றேன். எங்கடை ஆக்களே சில நேரம் மாறிப் போறவை என்று பெருந்தன்மையாகச் சொன்னார். அது பொய் என்று இருவருக்கும் தெரியும். என்னைச் சைக்கிள் கரியரில் ஏற்றிக்கொண்டு எதிர்காற்றில் மிதிக்கத் தொடங்கினார். இறங்கி நடக்கிறேன் என்றதற்கு அவர் சம்மதிக்கவில்லை.

வழி நெடுகக் கல்வேலிகள். சாந்து இல்லை, சுண்ணாம்பு இல்லை; பவளப்பாறைத் துண்டுகளான முருகைக் கல்லை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள். வீட்டுக்கும் அதுதான் வேலி, வயலுக்கும் அதுதான். ஆட்கள் ஊரைவிட்டுப் போன வீட்டு வளவுகளில் அவை சரிந்து கிடந்தன. அப்பால் வெறும் புல்வெளி. அதில் குதிரைகள் மேய்ந்தன. எங்கள் புதுக்கோட்டைப் பக்கம் குதிரை என்றால் மண்ணால் செய்து அய்யனாருக்கு நேர்ந்துவிட்டது, கோயில் வாசலில் வரிசையாக நிற்கும். இவை யாருக்கும் சொந்தமில்லாமல், குட்டையாக, விலா எலும்பு தெரிய, காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. பார்க்கப் பாவமாகவும் இருந்தது, மரியாதையாகவும் இருந்தது.

ஸ்ரெல்லா வீட்டில் தேநீர் கொடுத்தார்கள். உப்புக் கரித்தது. தீவின் கிணறுகளில் பலதும் அப்படித்தான். ஒரு கடி பனங்கட்டி, ஒரு மிடறு தேநீர் என்று குடித்தால் அந்தக் கரிப்பு தெரியாது என்று ஸ்ரெல்லா காட்டித் தந்தார். இரண்டாம் கோப்பையிலேயே எனக்குப் பழகிவிட்டது.

நான் வந்த காரணம் அதற்குள் தெரு முழுக்கப் பரவிவிட்டது. பக்கத்து வளவு கந்தையா அண்ணை தேடி வந்து கதிரையில் உட்கார்ந்தார். மாடும் வயலுமாக வாழ்கிறவர். பறவையைப் பற்றிக் கேட்டேன். அவருக்குச் சந்தேகமே இல்லை.

"வானம்பாடி மேலை. கொண்டைக்குருவி கீழை. அது பாடும், இது ஓடும். இதிலை என்ன குழப்பம்?" என்றார்.

ஸ்ரெல்லாவும் ஓம், அப்படித்தான் என்றார். வானம்பாடி தரையிலிருந்து கிளம்புவதைக் கண்டிருக்கிறார், தரையில் ஓடியதைக் கண்டதில்லை. கொண்டைக்குருவி பாடியதைக் கேட்டதுமில்லை. நான் விசாரித்த அத்தனை பேரும் இதையேதான் சொன்னார்கள். ஒரு தீவே சேர்ந்து பொய் சொல்லாது. ஆனால் என் தொழில் புத்திக்கு ஓர் அரிப்பு. பாடுகிற பறவைக்குக் கூடு எங்கே? ஓடுகிற பறவைக்குப் பாட்டு எங்கே? இரண்டிலும் ஒவ்வொரு பாதி குறைகிறது. அந்த இரண்டு பாதியும் ஒன்றோடொன்று பொருந்துகிற மாதிரி இருக்கிறது. இதை அப்போது வெளியே சொல்லவில்லை. சொன்னால் எனக்கு உப்புத் தேநீர்கூடக் கிடைத்திருக்காது.

மறுநாள் முழுக்க வெளியில் குடையோடு உட்கார்ந்திருந்தேன். வானம்பாடிகளுக்குக் குறைவில்லை. தரையிலிருந்து கிளம்பி, இறக்கையை விடாமல் அடித்து, படிப்படியாக ஏறி, புள்ளியாகிப் போன பிறகும் பாட்டு மட்டும் கீழே விழுந்துகொண்டிருக்கும். கேட்டுக்கொண்டே இருக்கலாம், இடையில் தவிட்டுக்குருவியின் குரலையும் ஆள்காட்டியின் குரலையும் எடுத்துக் கலந்து பாடும். ஆனால் வெயிலில் கண் கூசுகிறது. இறங்கும்போது கடைசியில் இறக்கையை மடக்கிக்கொண்டு கல் மாதிரி விழுகிறது. விழுந்த இடத்துக்கு நான் ஓடினால் புல்தான் இருக்கிறது. ஒரு தலையைக்கூட என்னால் சரியாகப் பார்க்க முடியவில்லை. துறையிலிருக்கும் தொலைநோக்கியை நினைத்து நினைத்து வைதேன். மாலையில் முகம் வெந்து வீட்டுக்கு வந்தபோது கந்தையா அண்ணை, குருவி பிடிபட்டதோ என்று கேட்டார். இல்லை என்றேன். அவருக்கு அதில் கொஞ்சம் சந்தோஷம்.

அன்றிரவு ஒடியல் கூழ். பனங்கிழங்கு மாவில் நண்டும் இறாலும் மீன்தலையும் பயற்றங்காயும் பலாக்கொட்டையும் போட்டுக் கொதிக்கவைத்தது. பனையோலையைத் தொன்னை மாதிரி கோலி அதில் ஊற்றித் தந்தார்கள். உறைப்பில் எனக்கு மூக்கும் கண்ணும் ஒன்றாக ஒழுகின. ஸ்ரெல்லா அப்போதுதான், நாளைக்குத் தனக்கு வேலி அடுக்குகிற வேலை, என்னோடு வெளிக்கு வர ஏலாது என்றார். மாரிக்கு முன்னால் விதைப்பு நிலத்தைச் சுற்றிய கல்வேலியை எடுத்துக் கட்ட வேண்டும். மாடும் குதிரையும் இடித்து உருட்டிய கற்கள் வயலுக்குள் சிதறிக் கிடக்கின்றன. பொறுக்கி வந்து அடுக்க வேண்டும். ஆண்டுதோறும் இது பெண்களும் பிள்ளைகளும் செய்கிற வேலை. அண்ணனும் சின்ன வயதில் இந்த வேலை செய்தவர்தான் என்றார்.

கொண்டைக்குருவியை அவர் எங்கே கண்டார் என்று கேட்டேன்.

"கல்லுப் பொறுக்கேக்கைதான். வேறை எங்கை அதைக் கிட்டக் காணலாம்?"

எனக்கு உறைப்பெல்லாம் இறங்கிவிட்டது. நாளைக்கு நானும் கல் பொறுக்க வருகிறேன் என்றேன்.

கல் பொறுக்குவது லேசான வேலை என்று யாரும் நினைக்க வேண்டாம். முருகைக் கல் கையைத் தோலுரிக்கும். அடியில் தேள் இருக்கும். முதலில் காலால் புரட்டிவிட்டுத்தான் கையை வைக்க வேண்டும். கண் முழுக்கத் தரையில்தான் இருக்கும். தலைக்கு மேலே வானம்பாடி பாடிக்கொண்டிருந்தாலும் நிமிர்ந்து பார்க்கத் தோன்றாது. இந்தத் தீவுக்காரர்கள் மேலே பார்க்கிற நேரம் வேறு, கீழே பார்க்கிற நேரம் வேறு என்பது எனக்கு இடுப்பு வலியோடு புரிந்தது.

வேலியோரம் ஒரு புல்தூருக்குப் பக்கத்துக் கல்லைப் புரட்டினேன். கால்மாட்டிலிருந்து ஒரு பறவை வெளிப்பட்டது. பறக்கவில்லை. குறுகுறுவென்று ஓடி, கைக்கெட்டும் தூரத்துக்குச் சற்று அப்பால் ஒரு கல்லின் மேல் ஏறி நின்று என்னைப் பார்த்தது. தலையில் இறகுகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து விசிறியாக நின்றன.

தொலைநோக்கி இருந்திருந்தாலும் இந்தத் தூரத்தில் அது பயன்பட்டிருக்காது. ஒவ்வொரு வரியையும் பார்த்தேன். மார்பில் மெல்லிய கோடுகள். பின்விரலில் நீளமான நேர் நகம். அது வானம்பாடிக் குடும்பத்தின் முத்திரை. கொண்டையோ குட்டை, முனை மழுங்கியது. நிபுணர் சொன்ன இந்தியக் கொண்டை வானம்பாடிக்கு அது நீண்டு கூராக, சும்மா நிற்கும்போதும் துருத்திக்கொண்டு தெரியும். இது அதுவல்ல. அமிர்தநாதன் வரைந்தது இந்த மழுங்கிய விசிறியைத்தான். எந்தப் புத்தகத்தையும் பார்த்து வரைந்ததில்லை. நின்ற இடத்திலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. ஸ்ரெல்லா தேள் கொட்டிவிட்டது என்று நினைத்து ஓடி வந்தார்.

புல்தூருக்குள் கூடு இருந்தது. கூடு என்று சொல்வதே அதிகம்; மாட்டுக் குளம்பு பதிந்த மாதிரி ஒரு பள்ளம், உள்ளே காய்ந்த புல், அதில் மஞ்சள் வாயைத் திறந்தபடி குஞ்சுகள். நாங்கள் இருவரும் பின்வாங்கினோம். இந்தப் பக்கத்து வேலியைக் குஞ்சு இறங்கிப் போகும்வரை விடலாமா என்று கேட்டேன். ஸ்ரெல்லா விடுவம் என்றார். அது கந்தையா அண்ணைக்குப் பிடிக்கவில்லை. அந்த இடைவெளியால் தன் மாடு உள்ளே போனால் பிறகு தன்னைக் குறை சொல்லக்கூடாது என்று அவர் ஸ்ரெல்லாவை எச்சரித்தார். "நீர் குருவிக்கு வேலி விடுறீர், என்ரை மாட்டுக்கு ஆர் சொல்லுறது?" என்றார். பிறகு அவரே மாட்டைத் தூரக் கொண்டுபோய்க் கட்டினார்.

பாதி வேலைதான் முடிந்திருந்தது. கொண்டை உண்டு என்பது சரி. இது தனிப் பறவையா, வானம்பாடியேதானா? ஒரே பறவையைக் கூட்டிலிருந்து வானம் வரைக்கும், வானத்திலிருந்து கூடு வரைக்கும் கண் எடுக்காமல் பார்த்தால் தவிர இதைச் சொல்ல முடியாது. ஒரு ஜோடிக் கண்ணுக்கு அது ஆகாது. ஸ்ரெல்லாவிடம் கேட்டேன். அடுத்த நாள் கல் வேலையை விட்டுவிட்டு வந்தார். வேலிக்குப் பின்னால் நான் மல்லாந்து படுத்தேன். அவர் குப்புறப் படுத்தார். வானம் எனக்கு, தரை அவருக்கு.

முதல் தடவை வெயிலில் தவறவிட்டேன். அடுத்த தடவை மேலே இன்னொரு வானம்பாடி குறுக்கே வந்து, எது எது என்று தெரியாமல் போயிற்று. தெரியவில்லை என்றால் தெரியவில்லைதான், ஊகிக்கக் கூடாது. மறுபடியும் முதலிலிருந்து. ஸ்ரெல்லா முணுமுணுக்கவே இல்லை. வெயில் ஏறியபோது தன் முந்தானையை நனைத்து என் நெற்றியில் போட்டார்.

பறவை ஒன்று அலகில் வெட்டுக்கிளியோடு ஓடி வந்து குஞ்சுக்கு ஊட்டியது. குஞ்சின் எச்சப்பையை அலகில் கவ்விக்கொண்டு சற்றுத் தூரம் ஓடிப் போட்டது.

"வெளிக்கிட்டுது" என்றார் ஸ்ரெல்லா.

எழும்பிப் பறந்த அதை நான் கண்ணால் பிடித்துக்கொண்டேன். ஆள் உயரம், பனை உயரம், அதற்கும் மேல். பாட்டு தொடங்கியது. கண்ணீர் வழிந்தது, இமைக்காமல் இருக்க விரலால் இமையைப் பிடித்துக்கொண்டேன். அது புள்ளியாகி, காற்றில் ஒரே இடத்தில் நின்று பாடித் தீர்த்தது. பிறகு படிப்படியாக இறங்கி, பாட்டை நிறுத்தி, இறக்கையை மடக்கி விழுந்தது. கூட்டுக்கு வெகு தூரத்தில், உடைந்த ஒரு கல்லடியில். உடைந்த கல், உடைந்த கல் என்றேன். ஸ்ரெல்லா அங்கேயிருந்து அதைத் தன் கண்ணில் வாங்கிக்கொண்டார். தலை வழவழவென்று இருக்கிறது என்றார். புல்லுக்குள் ஓடுகிறது, நிற்கிறது, திரும்ப ஓடுகிறது என்று சொல்லிக்கொண்டே வந்தார். கூட்டுக்குப் பக்கம் வந்ததும் நான் சொல்லியிருந்தபடி மெதுவாக எழுந்து நின்றார்.

பறவை அவரைக் கண்டது. கொண்டை எழுந்தது.

ஸ்ரெல்லா சத்தம் போடாமல் பின்னால் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ரெண்டும் ஒண்டு, ரீச்சர். இவ்வளவு நாளும் எங்களுக்குத் தெரியேல்லை" என்றார்.

இவர்கள் தப்பாகப் பார்க்கவில்லை. அந்தப் பறவை வீட்டுக்கு நேராக வராமல் தூரத்தில் விழுந்து புல்லுக்குள் ஓடி வருகிறது, எதிரியை ஏமாற்ற. ஏமாந்தது நரியோ பருந்தோ மட்டுமில்லை, கல் பொறுக்குகிற ஒரு தீவே ஏமாந்திருக்கிறது. பாடுகிறவனை அண்ணாந்து பார்த்தார்கள், பதறுகிறவனைக் குனிந்து பார்த்தார்கள். இடையில் அது ஓடி வந்த தூரத்தை யாரும் பார்க்கவில்லை.

கந்தையா அண்ணை ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொண்ட மாதிரியும் பேசினார். தனக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு பேர், வீட்டில் ஒரு பேர், குருவிக்கும் அப்படி இருந்துவிட்டுப் போகட்டும் என்றார். புறப்படும்போது ஒரு பொதி பனங்கட்டி கொண்டுவந்து என் பையில் அவரே திணித்தார்.

திரும்பும் படகில் ஆட்டம் அவ்வளவாகத் தெரியவில்லை. நான்தான் கவனிக்கவில்லை போலும். துறையில் அதே சிப்பாய் மேசைக்குக் கீழிருந்து தொலைநோக்கியை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். குருவி கண்டீங்களா என்று தமிழிலேயே கேட்டார். கண்டேன் என்றேன். இது இருந்திருந்தால் தூரத்திலேயே உட்கார்ந்து வழவழத் தலைகளை எண்ணிவிட்டு வந்திருப்பேன் என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது? நன்றி மட்டும் சொன்னேன்.

ஊருக்கு வந்ததும் பையைக்கூட இறக்காமல் திருச்சிக்குப் போனேன். அமிர்தநாதன் ஒரு சலூனுக்குப் பலகை எழுதிக்கொண்டிருந்தார். முதலில் நல்ல சேதியைச் சொன்னேன்: கொண்டை உண்டு, நீங்கள் வரைந்த அதே கொண்டை, எவரும் இனி வாயைத் திறக்க முடியாது. அவர் தலையாட்டினார். பிறகு மற்றதைச் சொன்னேன்: இரண்டும் ஒரே பறவை. தூரிகையைக் கீழே வைத்துவிட்டார்.

அப்படியானால் கொண்டை எப்போது எழும்பும் என்று கேட்டார். பதற்றம் வந்தால் எழும்பும், கூட்டுக்கு யாராவது கிட்ட வந்தால் எழும்பும், மற்ற நேரம் படிந்தே இருக்கும் என்றேன். வகுப்பில் சொல்கிற மாதிரி சொல்லிவிட்டேன். அவர் முகம் மாறியதைப் பிறகுதான் பார்த்தேன்.

"சின்னனிலை அது எங்களைப் பாக்க வெளியிலை வாறதெண்டு நினைச்சனான், ரீச்சர். கொண்டையை விரிச்சுக்கொண்டு நிக்கேக்கை வாங்கோ எண்டு சொல்லுற மாதிரி இருக்கும்." விரலில் பட்ட வர்ணத்தைத் துடைத்தார். "அப்ப நாங்கள் கண்ட நேரமெல்லாம் அது பயந்துபோய்த்தான் நிண்டிருக்கு."

வீட்டை விட்டு ஓட வேண்டியிருந்தவருக்கு நான் என்ன சொல்வது? அவர் எழுந்துபோய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார்.

நிபுணரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தொலைநோக்கி இல்லாமல் பார்த்ததை எப்படி நம்புவது என்று தொடங்கினார். நகத்தின் நீளம், கொண்டையின் முனை, கூடு, இறங்குகிற விதம், இரண்டு பேரும் பார்த்தது என்று ஒவ்வொன்றாக வைத்தேன். கடைசியில், அந்தப் படம் இரவல் இல்லை என்று பதிப்பாளர் முன்னாலேயே ஒப்புக்கொண்டார். அமிர்தநாதனே முழுப் புத்தகத்துக்கும் வரையட்டும் என்றாயிற்று. ஒரு பறவைக்கு ஒரு படம்தான். அடையாளம் காண எளிதாகக் கொண்டை எழுந்த படத்தையே வைக்கலாம் என்றார் நிபுணர். எனக்கும் அதுதான் ஆசை. வென்றதை ஊர் பார்க்க வேண்டாமா?

அமிர்தநாதன் மறுத்துவிட்டார்.

"பயந்து நிக்கிறதை இனி நான் கீறமாட்டன்" என்றார்.

கெஞ்சிப் பார்த்தேன், சண்டை போட்டும் பார்த்தேன். அசையவில்லை. புதிதாக ஒன்று வரைந்து தந்தார். முருகைக் கல் ஒன்றின் மேல் வானம்பாடி, தலை வழவழவென்று படிந்திருக்கிறது, வாய் திறந்து பாடுகிறது. கொண்டையின் சுவடே இல்லை. அதனால் கொண்டையைப் பற்றி என் எழுத்தில்தான் சொல்ல வேண்டியதாயிற்று. இப்படி எழுதினேன்: "இதற்குக் கொண்டை உண்டு. அது உங்கள் கண்ணில் பட்டால், இதன் வீட்டுக்கு மிக அருகில் நிற்கிறீர்கள். வந்த வழியே பின்னால் போங்கள்."

இது பறவையைப் பற்றிய குறிப்பு இல்லை, படிப்பவருக்குப் போடும் உத்தரவு என்று நிபுணர் ஆட்சேபித்தார். உத்தரவுதான் என்று சொல்லிவிட்டு அச்சுக்கு அனுப்பினேன்.